தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று

"பாத்தீங்களா?" என்றாள் செண்பகவல்லி. கேட்டது தன்னிடம் இல்லை என்பதில் தாமோதரனுக்குச் சந்தேகமே கிடையாது. அவன் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தான். அவள் ஹாலில், சுவரோடு ஒட்டிப் போட்ட மேஜையில், இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரத் தலைக்கு மேல் ஹெட்போனின் கறுப்புப் பட்டை தெரிய, அமெரிக்காவில் நடக்கிற பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சனிக்கிழமை சாயங்காலம். பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். பந்து வீசுகிறவன் கையை விட்டுக் கிளம்பி மட்டைக்காரனைத் தாண்டுவதற்குள் அது எப்படி வளைந்தது, எந்த உயரத்தில் போனது, அந்த வளைவுக்கு என்ன பெயர் என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் அதற்குரிய விசையைத் தட்ட வேண்டும். ஸ்லைடர், கட்டர், கர்வ், சேஞ்சப். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும், பார்க்கிறவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இது குத்துவதே இல்லை, விட்டதும் போய்ச் சேர்ந்துவிடுகிறது, இவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே பந்துதான். அவள் கண்ணுக்கு அப்படியில்லை. அவள் கண்ணுக்கும் இன்னொருத்தன் கண்ணுக்கும் அப்படியில்லை. அந்த இன்னொருத்தன் எபிநேசர், நாகர்கோவில். பாத்தீங்களா என்று மரியாதையோடு கேட்கப்படுகிற ஆள். நேற்று வந்த பயலுக்கு 'ங்க' என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தாமோதரன் ஒரு அவரைக்காயை நார் உரிக்காமலே ஒடித்துப் பாத்திரத்தில் போட்டான், பிறகு அதைத் தேடி எடுத்து நாரை உரித்தான்.

எபிநேசரை அவன் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை என்கிறாள் அவள், யார் கண்டது. ஆடி மாசம் வேலையில் சேர்ந்த புதிதில் அவள் எல்லாவற்றையும் உட்கார்த்திவைத்து விளக்கினாள். ஒரே ஆட்டத்தை இரண்டு ஊரில் இரண்டு பேர் பார்த்துத் தட்டுவார்கள், இருவரும் தட்டியது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று திரையின் மூலையில் போடும். அப்போது தாமோதரனின் ஒரு காதில் செல்போன் இருந்தது, அதில் அவன் வேலைபார்க்கிற கல்யாண மண்டபத்து முதலாளி புலம்பிக்கொண்டிருந்தார், ஆக அவள் சொன்னதில் பாதிதான் ஏறியது. ஏறிய பாதியில் ஒரு பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. "மத்த ஜோடிக்கெல்லாம் தொண்ணூத்தி நாலு வந்தாலே பெரிசுங்க. எங்களுக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஒண்ணு. கம்பெனியில இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லையாம்." ஜோடி என்றாள். எங்களுக்கு என்றாள். அந்த இரண்டு சொல்லும் மீன் முள் மாதிரி போய் மாட்டிக்கொண்டன, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இவனுக்கும் அவளுக்கும் ஜாதகத்தில் பத்துக்கு ஏழு பொருத்தம். தாம்பரத்து ஜோசியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏழு இருக்கு, ரஜ்ஜு இருக்கு, இதுக்குமேல என்ன சார் வேணும் என்றார். அன்றைக்கு ஏழு பெரிய எண்ணாகத்தான் இருந்தது. ஏழை நூற்றுக்கு மாற்றினால் எழுபது. எழுபது எங்கே, தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று எங்கே. பால் திரிந்துவிட்டதா இல்லையா என்பதில்கூட இந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒத்துப்போவதில்லை, இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், வேகமாக ஓடிப்போகிற பந்தைப் பார்த்து, இவள் என்ன நினைக்கிறாளோ அதையே நினைக்கிறான். ஒரு பந்து இரண்டு பந்து என்றால் தற்செயல். ஒரு ஆட்டத்துக்கு முந்நூறு பந்து. மனசு ஒத்துப்போகாமல் கண் மட்டும் எப்படி ஒத்துப்போகும்?

"அய்யோ, விட்டுட்டாரே!" என்றாள் அவள். யார் விட்டார்கள் என்று இவனுக்குத் தெரியும். மல்வேஸ். டாரியோ மல்வேஸ், வயசு முப்பத்தாறு, இரண்டு அணிகள் வேண்டாம் என்று அனுப்பிவிட்ட மட்டைக்காரன், இந்த வருஷம் இப்படி ஆடுவான் என்று அவனைப் பெற்றவளே நினைத்திருக்க மாட்டாள். இது எதையும் தாமோதரன் வேண்டுமென்று தெரிந்துகொள்ளவில்லை. காதுக்குக் கதவா இருக்கிறது? வேறு வருஷமாக இருந்தால் இந்த நேரத்தில் அவன் குரோம்பேட்டை மண்டபத்தில் நின்று வாழைமரம் கட்டுகிறவனை விரட்டிக்கொண்டிருப்பான், இல்லையென்றால் அடுத்த மாசத்து முகூர்த்தத்துக்கு முன்பதிவு செய்ய வந்தவர்களுக்கு சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பான். இந்த வருஷம் நோய் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மண்டபத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியாகிவிட்டது, மேனேஜர் தாமோதரன் வீட்டில் அவரைக்காய் உரிக்கிறான். அமெரிக்காவிலும் அதே கதைதானாம். வருஷத்துக்கு நூற்று அறுபத்திரண்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் அறுபதோடு முடித்துக்கொள்கிறார்கள். அரங்கத்தில் ஈ காக்கை கிடையாது. இருக்கைகளில் அட்டையில் வெட்டிய மனித முகங்களை நிறுத்திவைத்திருக்கிறார்கள், நன்றாக அடித்தால் ஒலிபெருக்கியில் பழைய கைதட்டலை எடுத்துப் போடுகிறார்கள். ஆளில்லாமல் மேளம் மட்டும் அடிக்கிற கல்யாணம். இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மல்வேஸ் ஆயிரத்துக்கு நானூறு என்கிற சராசரியைத் தொடப் பார்க்கிறான். பத்துத் தடவை மட்டை பிடித்தால் நாலு தடவை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு, அதாவது ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் முனைக்கு, பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், ஒரு சீசன் பூராவும். எண்பது வருஷமாக ஒருத்தனாலும் முடியாதது. அறுபது ஆட்டத்தில் அடித்தால் அது நானூறே இல்லை, சின்னக் கணக்கு, அதிர்ஷ்டம் என்று அங்கே பெரிய சண்டையாம். அவளுக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. "ஆளில்லாத இடமாப் பாத்துப் பந்து விழுந்தா அதிர்ஷ்டம்ங்கிறாங்க. தினமும் ஆளில்லாத இடத்துலயே விழுந்தா அதுக்கு என்ன பேரு சொல்லுங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். அந்தப் பயல் என்ன பதில் சொன்னானோ, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தாள். தாமோதரன் அன்று முழுக்க அந்தப் பதிலைத் தேடினான். என்ன சொல்லியிருப்பான்? எதைச் சொன்னால் இவள் அப்படிச் சிரிப்பாள்?

இன்று கடைசி ஆட்டம். நேற்று வரை மல்வேஸ் இருநூற்றுப் பதினொரு தடவை மட்டை பிடித்து எண்பத்து நாலு ஹிட். இன்று நாலு தடவை வருவான், அதில் இரண்டு அடித்தால் இருநூற்றுப் பதினைந்துக்கு எண்பத்தாறு, வகுத்துப் பார்த்தால் துளி கூடாமல் குறையாமல் நானூறு. வகுத்துப் பார்த்தது தாமோதரன். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் செல்போனில் வகுத்தான். எதற்கு வகுத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான், பிறகு இன்னொரு தடவை வகுத்தான். அவனுக்குக் கடைசி நாள் என்பதுதான் முக்கியம். இன்றோடு சீசன் முடிகிறது, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு, விட்டால் இவள் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு உப்பு இருக்கா புளி இருக்கா என்று பழைய செண்பகவல்லியாகிவிடுவாள், எதைக் காட்டிக் கேட்பது? முதல் தடவை மல்வேஸ் ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் நாலாவதில் ஒன்று அடித்தான், அவள் கையைத் தட்டினாள். இப்போது மூன்றாவது தடவையும் போய்விட்டது. இன்னும் ஒரு தடவை வருவான். இந்த ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. பந்து வீசுகிறவன் நாலு மோசமான பந்து போட்டுவிட்டால் மட்டைக்காரன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், ஆனால் அது தடவையாகவே சேராது. "நின்னு பாத்துட்டு நடந்து போனா நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல, கணக்குலயே வராதுங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டபோது தாமோதரனுக்கு ஏனோ தன் பதினொரு வருஷம் ஞாபகம் வந்தது. கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை, கேட்டதை வாங்கிக் கொடுத்திருக்கிறான். நடந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறான். அதில் எது கணக்கில் வந்திருக்கும்?

சாட்சிகளை அவன் மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தான். ஒன்று, ஆட்டம் உள்ள நாளில் விடிவதற்குள் தலைக்குக் குளித்துவிடுகிறாள். குளித்தால் தூக்கம் வராது என்பது அவள் சொல்லும் காரணம். பொட்டு வைத்துக்கொள்வதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? சிரிப்பு இருக்கிறது. அது வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிக்கும் சிரிப்பு, கல்யாணமான புதிதில் இவனுடைய பெரியப்பா பேசுவதைக் கேட்டு இவன் பக்கமாகத் திரும்பி அப்படித்தான் சிரிப்பாள். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று இவன் தேடவுமில்லை, இப்போது நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எபிநேசர் என்று செல்போனில் தேடியும் பார்த்தான். ஒரு பல் டாக்டர் வந்தார், ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியர் வந்தார், கூடவே கிதாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சர்ச் வாசலில் நிற்கிற சுருட்டைமுடிக்காரன் ஒருத்தன் வந்தான். பல் டாக்டருக்கு இந்த வேலை எதற்கு, தலைமையாசிரியருக்கு இந்தக் கண் ஏது, ஆக சுருட்டைமுடிதான் என்று தாமோதரனே முடிவுகட்டிவிட்டான். அன்றிலிருந்து அந்தத் தலை அவளுடைய ஹெட்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவனும் முயற்சி செய்தான். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நேத்து மல்வேஸ் சரியா ஆடலபோல" என்றான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். முகம் பூராவும் வெளிச்சம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ஒட்டுக்கேட்டேன் என்றா சொல்ல முடியும்? "பேப்பர்ல போட்டிருந்தான்" என்றான். "எந்தப் பேப்பர்ல?" என்றாள். தமிழ்நாட்டில் எந்தப் பேப்பரில் பேஸ்பால் போடுகிறான்! மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து கைகழுவப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவள் ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போது நினைத்தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கோல்கீப்பர் சமாச்சாரத்தைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆவணி மாசம் ஒரு காலையில், பந்து வீசுகிறவனை மாற்றுகிற இடைவெளியில், அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கோவில்பட்டியில பொம்பளப்பிள்ளைங்களுக்கு மட்டைதாங்க பொம்மை. நான் ஸ்கூல் ஹாக்கி டீம்ல கோல்கீப்பர். பந்து கிளம்பறதுக்கு முன்னாடி அடிக்கிறவ தோளைப் பாக்கணும், பந்தைப் பாத்தா லேட்டு. அதான் எனக்கு இது சுலபமா வருது." தாமோதரன் அப்போது தோசை வார்த்துக்கொண்டிருந்தான், தோசை கருகியது. பதினொரு வருஷம். அவளுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, அதை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான், படியில் விழுந்திருப்பாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். அவளுடைய ஊர் ஹாக்கிக்குப் பேர்போன ஊர் என்பது ஊருக்கே தெரியும், இவனுக்கும் தெரியும், ஆனால் தன் பெண்டாட்டி கோல்கீப்பர் என்று தெரியாது. அதை ஒரு சுருட்டைமுடிக்காரனுக்குச் சொல்லுகிறாள். சரி, சின்ன வயசுக் கதை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். போன வாரம் சொன்னதற்கு என்ன ஆறுதல்? போன வாரம், குரலைத் தாழ்த்தி, பந்துகளுக்கு நடுவே விட்டுவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில, இந்தத் தடவையும் நிக்கலன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. எனக்கு அழணும்போல இருந்துச்சுங்க. வெளியில வந்தா ஆட்டோ பிடிக்கிற அவசரம். அப்புறம் அழவே வரல." ஒரு பந்து போனது. "இப்பவும் வரல" என்றாள். பிறகு விசையைத் தட்டினாள். ஆட்டோ பிடித்தது தாமோதரன். வாசலில் வெயிலில் நின்று பேரம் பேசி, ஏறு ஏறு என்று அவளை ஏற்றியதும் அவன்தான். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, பேசினால் அவளுக்குக் கஷ்டம் என்று இவன் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்த அழுகை இவர்கள் இரண்டு பேருடைய சொத்து. அதைக் கொண்டுபோய் மூன்றாவது மனுஷனுக்குக் கொடுத்துவிட்டாள். எழுந்து போய் அந்த வயரைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது. எழுந்திருக்கவில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும், முழுசாகக் கேட்க வேண்டும், அதுதான் அந்த வியாதியின் லட்சணம்.

எட்டாவது இன்னிங்ஸில் பாதி முடிந்தது போலிருக்கிறது, நாற்காலி நகர்ந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். "என்னங்க, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். இடைவேளை முடிஞ்சு பந்து போட ஆரம்பிச்சா ஒரு குரல் குடுங்க. இந்த இன்னிங்ஸ்ல நம்ம ஆளு முதல்ல வர்றாரு" என்று இவனைப் பார்த்துச் சொன்னாள். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு மாசமாகக் காத்திருந்த நேரம் இப்படி அவரைக்காய் நாரோடு வந்து நிற்கும் என்று தாமோதரன் எதிர்பார்க்கவில்லை. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். மேஜைக்குப் போனான். கம்பெனி சாமான் என்று இதுவரை அவன் தொடாத ஹெட்போன், காதை மூடுகிற இடம் இன்னும் சூடாக இருந்தது, ஈரத் தலையின் சீயக்காய் வாசனை அடித்தது. மாட்டிக்கொண்டான். பேச வேண்டியதை மாடியில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான்: மிஸ்டர் எபிநேசர், நான் செண்பகவல்லி ஹஸ்பெண்ட் பேசறேன். அதை அமைதியாகச் சொல்ல வேண்டும், கோபப்பட்டால் நம் மரியாதை போய்விடும். காதில் இரைச்சல் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல், ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எதற்கோ காத்திருக்கிற இரைச்சல், கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் வருமே அது. திரையில் அட்டை முகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "ஹலோ" என்றான். இரைச்சல். "ஹலோ, எபிநேசரா?" வர்ணனை செய்கிறவன் குரல்கூட அதில் இல்லை. வாய்க்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மைக்கைச் சரிசெய்யலாம் என்று கன்னத்தைத் தடவினான். கன்னம்தான் இருந்தது. இந்தப் பக்கம் தடவினான், அந்தப் பக்கம் தடவினான், கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வயரைப் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் வரைக்கும் போனான். மைக் என்று ஒன்று இல்லவே இல்லை. திரையின் மூலையில் எபிநேசர் பெயரும் பக்கத்தில் அந்த எண்ணும் இருந்தன. அதற்கு மேலே சிவப்பில், ஆங்கிலத்தில், இருவரும் தனித்தனியாகவே பதிய வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசவோ எழுதவோ கூடாது, மீறினால் வேலை போய்விடும் என்று போட்டிருந்தது. தாமோதரன் அதை இரண்டு தடவை படித்தான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வேறொருத்தனாக இருந்தால் பட்டிருப்பான், பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்திருப்பான். தாமோதரன் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றான். சுருட்டைமுடி இல்லை, கிதார் இல்லை, நாகர்கோவிலில் ஒருத்தர் தன் வீட்டில் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் இவள் யாரிடம் பேசினாள்? இந்தக் கூட்டத்திடமா? பதிவுசெய்து வைத்த கைதட்டலிடம் போய்க் கோல்கீப்பர் கதையைச் சொன்னாளா? மல்வேஸிடமா? கொஞ்ச நேரம் மல்வேஸ்மேலும் எரிச்சல் வந்தது, அட்டை முகங்கள்மேல் வந்தது, வரிசையில் மூன்றாவதாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு அட்டைமேல் குறிப்பாக வந்தது. ஒரு ஆள் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். அட்டையோடு என்ன சண்டை போடுவது? அல்லது தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டாளா? இவனுடைய சித்தி ஒருத்தி கடைசிக் காலத்தில் அப்படித்தான் சுவரோடு பேசினாள். திரையில் இடைவேளை முடிந்து ஆட்டம் வந்தது. மல்வேஸ் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றான், அவள் சொல்லிச் சொல்லித் தெரிந்த மாதிரியே காலை அகட்டி, இடது முழங்கையை லேசாக ஆட்டிக்கொண்டு. "செண்பகம், ஆரம்பிச்சுட்டான்" என்று கத்தினான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். இவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனைப் பார்த்து நின்றாள். "எடுங்க எடுங்க" என்றாள். அவன் கொடுக்கவில்லை. "இதுல மைக்கே இல்லையே" என்றான். "எதுக்கு மைக்கு?" என்றாள். "அப்ப யார்கிட்டப் பேசிட்டிருந்தே?" என்றான். "எப்ப?" "எப்பவும்தான். காலையில. ரெண்டு மாசமா. பாத்தீங்களா பாத்தீங்களான்னு." குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. அவள் அவனையே பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள், பிறகு புரிந்து பார்த்தாள், அந்த இரண்டாவது பார்வையைத் தாங்க முடியாமல் இவன் திரையைப் பார்த்தான். "இந்த வீட்ல வேற யாருங்க இருக்கா?" என்றாள் செண்பகவல்லி. ஹெட்போனை அவன் கழுத்திலிருந்து அவளே எடுத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பாத்தீங்களா என்றது இவனைத்தான். அதுக்கு என்ன பேரு சொல்லுங்க என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது, இவன் ஏதாவது சொல்லுவான் என்றுதான், சொல்லவில்லை என்பதால் சிரித்தாள். கோல்கீப்பர் இவனுக்குச் சொன்னது. டாக்டரம்மா சொன்னாங்கல்ல என்றாளே, அந்த 'ல்ல' கூட இருந்தவனிடம் மட்டும் வருகிற 'ல்ல', அது எப்படி இத்தனை நாள் காதில் ஏறாமல் போனது? நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல முடியாததை, தன் காதை அடைத்துக்கொண்டு, பின்னால் இவன் பதில் பேசாமல் இருப்பது தனக்குக் கேட்காதபடி பண்ணிக்கொண்டு, முதுகால் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் இவன் கேட்டான், ஒரு சொல் விடாமல் கேட்டான், இன்னொருத்தனுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவன் மாதிரி கேட்டான். பந்து வந்தது. மல்வேஸ் அசையவில்லை. அவள் விசையைத் தட்டினாள். அடுத்த பந்து வந்தது. அடிக்கப் போய்த் தவறவிட்டான், கூட்டம் அய்யோ என்றிருக்க வேண்டும். அவள் அய்யோ என்று சொல்லவில்லை. விசை சத்தம் மட்டும் கேட்டது. காலையிலிருந்து ஓயாமல் ஓடிய குரல் நின்றுபோய் வீடு எப்படியிருக்கிறது என்று தாமோதரனுக்கு அப்போதுதான் தெரிந்தது, குக்கருக்குக் கீழே அடுப்பு எரிகிற சத்தம்கூடக் கேட்டது. இவனுக்குப் பயம் வந்தது. எபிநேசர் இருந்தபோது வராத பயம். ஏதாவது பேச வேண்டும். "ஸ்லைடர்" என்றான் அடுத்த பந்துக்கு. வாயில் வந்த பெயரைச் சொன்னான். அவள் திரும்பவில்லை. அதற்கடுத்த பந்துக்கு "கட்டர்" என்றான். தப்பாகத்தான் இருக்கும், தப்பென்று சொன்னாலும் போதும் என்றிருந்தது. "அவன் தோளைப் பாக்கணும், இல்ல?" என்றான். விசை சத்தம்.

அப்போது மல்வேஸ் அடித்தான். பந்து நெட்டுக்குத்தாகத் தரையில் பட்டு எகிறி, பாய்ந்து பிடிக்க வந்தவனின் கையுறையில் ஒரு நொடி நின்று, நழுவிக் கீழே விழுந்தது. அவன் எடுத்து எறிவதற்குள் மல்வேஸ் முப்பத்தாறு வயசையும் தூக்கிக்கொண்டு ஓடி முதல் பேஸை மிதித்துவிட்டான். தாமோதரன் தன்னை அறியாமல் "ஓடு ஓடு" என்று கத்தியிருந்தான். ஆனால் அதோடு முடியவில்லை. பிடிக்க முடியாத பந்து என்றால் ஹிட், நானூறு. பிடித்திருக்க வேண்டிய பந்தை அவன் கோட்டைவிட்டான் என்றால் எரர், மல்வேஸுக்கு ஒன்றும் கிடையாது, எல்லாம் போச்சு. மேலே ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் யோசித்துச் சொல்லுவார், அதுவரை திரையில் எதுவும் வராது. இதையும் அவள்தான் சொல்லியிருந்தாள். திரையில் அந்த நழுவலைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மெதுவாகப் போட்டார்கள். பந்து கைக்குள் வந்தது, கையில் இருந்தது, கையை விட்டுப் போனது. பிடித்திருக்கலாம் என்று ஒரு தடவை தோன்றியது, எவனாலும் முடியாது என்று அடுத்த தடவை தோன்றியது. தாமோதரன் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். அவள் தோளைத் தொடலாம். தொடவில்லை. "ஹிட்டா எரரா, நீ என்ன சொல்ற?" என்றான். அவள் காதில் ஹெட்போன் இருந்தது, கூட்டத்தின் இரைச்சல் வெளியே கசிந்து இவனுக்கே கேட்டது. திரையில் இன்னும் எதுவும் வரவில்லை. "செண்பகம்" என்றான். "நீ சொல்லு. ஹிட்டா?" கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாமல், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவன் திரும்பவும் கேட்டான்.